நடுப்பல் இல்லாத புழு

புழுவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன் என்று என் மனைவி இராஜேஸ்வரி சொல்லுவாள். கல்யாணமான புதிதில் ஒரு தடவை ஆசையாகக் கேட்டுவிட்டாள். இருபத்தாறு வருடமாக அதற்கு வருந்திக்கொண்டிருக்கிறாள். ஆகவே ஐயா, இது கொஞ்சம் நீண்டால் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் சொல்ல, ஒருவர் சிங்களத்தில் மொழிபெயர்க்க, உங்கள் பொலிஸ் சார்ஜன்ட் எழுத என்று இழுபடுவதைவிட நானே என் கையால் எழுதித் தருகிறேன் என்று கேட்டதும் அதனால்தான். எழுத்துப்பிழை இருக்காது. அந்த விஷயத்தில் நான் கறாரான ஆள்.

பெயர் முத்துலிங்கம். வயது ஐம்பத்து நான்கு. வீடு கண்டிக்குப் பக்கத்தில், அம்பிட்டியவில். பேராதனைப் பக்கம் ஒரு தனியார் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பத்தொன்பது வருடமாக வேலை. ஓடைகளிலிருந்து புழுக்களைப் பிடித்து வந்து, இது இன்ன புழு என்று சொல்வதுதான் அந்த வேலை. எந்தப் புழு எங்கே வாழ்கிறது என்று தெரிந்தால் அந்தத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று சொல்லிவிடலாம். புழு பொய் சொல்லாது. இதை நான் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் ஒரு மாதிரி குரலைத் தாழ்த்திச் சொல்வேன். அவர்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள்.

என் புழு நுளம்பு, அதாவது கொசு, மாதிரி ஒரு பூச்சியின் குடம்பி, அதன் இளம்புழுப் பருவம். அந்தப் பூச்சி கடிக்காது, வளர்ந்த பிறகு சாப்பிடுவதுகூட இல்லை. இரண்டு மூன்று நாள் விளக்கைச் சுற்றிவிட்டுச் செத்துப்போகும். அதன் வாழ்க்கை முழுக்கக் குடம்பியாக இருக்கும்போதுதான், தண்ணீருக்கடியில், சேற்றுக்குள். பார்க்கச் சிவப்பு நூல்துண்டு மாதிரி இருக்கும். வளர்ப்பு மீனுக்குத் தீனியாகப் போடுவார்கள். மற்றவர்களுக்கு எல்லாச் சிவப்பு நூலும் ஒன்றுதான். எனக்கு அப்படியில்லை. முதலில் வால் பக்கம் பார்ப்பேன். கடைசிக்கு முந்திய கண்டத்தில் விரல் மாதிரிச் சின்னக் குழாய்கள் இரண்டு சோடி இருக்கிறதா, நீளமா, குட்டையா, முறுக்கியிருக்கிறதா. பிறகு தலையை வெட்டி, காரக் கரைசலில் அவித்து, கண்ணாடித் தகட்டில் மல்லாக்க வைத்து, மேலே மெல்லிய கண்ணாடி போட்டு அமுக்க வேண்டும். தலை கடுகில் பாதிகூட இருக்காது. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் முகவாயில் ஒரு பற்தட்டு தெரியும். நடுவில் பெரிய பல், அதற்கு மூன்று முனை. இரண்டு பக்கமும் ஆறு ஆறு பற்கள். தட்டின் இரு ஓரத்திலும் விசிறி மாதிரி வரிவரியாக இரண்டு பட்டைகள். உணர்கொம்பில் ஐந்து கணு. இதெல்லாம் சரியாக எண்ணினால் பெயர் கிடைத்துவிடும். ஒரு மனுசன் இதையா வேலை என்று செய்வான் என்று என் மாமனார் ஒருமுறை கேட்டார். நான் பதில் சொல்ல ஆரம்பித்ததும் அவருக்கு பஸ் வந்துவிட்டது.

எனக்குப் பட்டம் கிடையாது. தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடொன்றில், பிறந்து, உயர்தரம் வரை படித்து, போத்தல் கழுவுகிற வேலைக்குச் சேர்ந்து, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். பட்டம் பெற்றவர்கள் தகடுகளைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டுவார்கள். நான் பெயர் சொல்வேன். அவர்கள் கட்டுரை எழுதுவார்கள். கடைசிப் பக்கத்தில் நன்றி என்று என் பெயரும் வரும், பெரும்பாலும் பிழையாக. ஒரு தடவை முத்துலட்சுமி என்று வந்திருந்தது. இதைக் காரணமாகச் சொல்லவில்லை. சும்மா சொல்கிறேன்.

போன வருடம் பெப்ரவரியில் அம்பிட்டியவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஓடையில் சேறு அள்ளினேன். ஓடையை ஒட்டிய லயத்தில் முதல் வீடு மூக்காயியினுடையது. அவர் கொழுந்து பறிக்கிறவர். கணவர் கறுப்பையா கண்டிச் சந்தையில் மூட்டை தூக்குகிறார். ஒரே பிள்ளை கஜனி, ஆறு வயது. லயத்துக்கு முழுவதும் தண்ணீர் அந்த ஓடையிலிருந்து வருகிற பீலிக் குழாயில்தான். நான் போகிறபோதெல்லாம் மூக்காயி பிளேன்டீ, பால் விடாத தேத்தண்ணி, தருவார். கஜனி பக்கத்தில் வந்து குந்திக்கொண்டு, "சேர், இன்னைக்கு எத்தன புழு?" என்று கேட்கும். எண்ணிக்கையில் ஆர்வமுள்ள பிள்ளை. எனக்குப் பிடித்திருந்தது.

அன்று பிடித்தவை நாற்பது. அதில் இருபத்தாறுக்கு நடுப்பல் இல்லை. இருக்க வேண்டிய இடத்தில் வழவழப்பான ஒரு வளைவு. நான் நுணுக்குக்காட்டியிலிருந்து எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். உலகத்தில் எந்தப் புத்தகத்திலும் இல்லாத புழு. என் புழு. மீதிப் பதினான்கும் முழுப்பல்லோடு இருந்ததை எப்படி விளக்குவது என்று ஒரு நிமிடம் யோசித்தேன், அது பக்கத்தில் வாழும் வேறு இனம் என்று முடிவு செய்தேன். சிலவற்றில் பள்ளம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, இனத்தின் அடையாளம் என்றால் அப்படிச் சாயக் கூடாது. அந்தத் தகடுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு அலுமாரிக்கு மேலே வைத்தேன். பத்தொன்பது வருடம் ஒழுங்காக எண்ணிய மனிதன் ஒரே பின்னேரத்தில் எவ்வளவு முட்டாளாக முடியும் என்று தெரிய வேண்டுமானால் அந்த டின்னைத் திறந்து பாருங்கள். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

ஹங்கேரியில் இந்தப் புழுக்களுக்கென்றே ஒரு பேராசிரியர் இருக்கிறார். படங்களை அனுப்பினேன். மரியாதையாகப் பதில் எழுதினார். மிகவும் சுவாரசியம், ஆனால் ஒரு பருவத்து மாதிரி போதாது, மழைக்குப் பிறகும் இதே உருவம் இருக்கிறது என்று காட்ட வேண்டும், டிசம்பருக்குள் அனுப்பினால் கட்டுரையைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். அந்தக் கடிதத்தை அச்செடுத்து மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தேன்.

மே மாதம் லோஜினி வேலைக்குச் சேர்ந்தாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, பேராதனையில் படித்தவள், இருபத்தைந்து வயது. மூன்றாவது நாளே என் தகடுகளைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள்.

"சேர், குறை நினைக்காதேங்கோ. இது புது இனம் இல்லைப் போல கிடக்கு. ஊனம் மாதிரி. தண்ணியில ஈயம், செம்பு எண்டு ஏதும் இருந்தா இப்பிடிப் பல்லு விழும் எண்டு வாசிச்சனான்."

"எங்க வாசிச்சீங்க?"

"நீங்கள் தந்த புத்தகத்திலதான்."

உண்மைதான். அந்தப் பக்கத்தில் நானே பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். நான் சிரித்து, நல்லாக் கவனிக்கிறீங்க, ஆனால் அனுபவம் போதாது என்று சொன்னேன். அவள் ஓம் சேர் என்று போய்விட்டாள். ஜூன் மாதம் வரை நானும் என்னை நம்பினேன். இந்தப் பகுதியை உண்மையாக எழுத வேண்டும் என்பதால் மாதத்தைக் குறிப்பாகச் சொல்கிறேன். ஜூன் வரைதான்.

ஜூன் இரண்டாம் வாரம் ஓடைக்குப் போனபோது கஜனி வெளியே ஓடி வரவில்லை. திண்ணையில் சோர்ந்து உட்கார்ந்திருந்தது. வயிற்றுவலி, பள்ளிக்கூடம் போகவில்லை என்றார் மூக்காயி. நாலைந்து பிள்ளைகளுக்கு இப்படி இருக்கிறதாம். வயிற்றுப் பூச்சித் தொல்லை என்று தோட்டத்து மருத்துவிச்சி மருந்து கொடுத்திருந்தாராம். புழுவின் மேல் பழி போடுகிறார்களே என்று எனக்கு லேசான வருத்தம்கூட வந்தது. பிள்ளையைச் சிரிக்க வைக்கலாம் என்று, நடுப்பல் இல்லாத புழு ஒன்று இந்த ஓடையில் இருக்கிறது தெரியுமா என்று கேட்டேன்.

"எனக்குந்தான் சேர் நடுப்பல்லு இல்ல, பாருங்க" என்று வாயைத் திறந்து காட்டியது.

பாற்பல் விழுந்த இடம். அது சாதாரணம். ஆனால் பல் பார்ப்பதற்கென்றே பழகிய கண் அல்லவா, மற்றப் பற்களையும் பார்த்தது. ஈறின் விளிம்பில், பல் தொடங்குகிற இடத்தில், சாம்பலும் நீலமுமாக ஒரு மெல்லிய கோடு. பஸ்ஸில் வரும்போது கைப்பேசியில் தேடிப் பார்த்தேன். ஈயம் உடம்பில் ஏறியவர்களுக்கு அப்படி ஒரு கோடு வரும்.

அடுத்த கிழமை ஓடை வழியே மேலே ஏறினேன். அரை மணி நேரம் நடந்தால் ஒரு பழைய கொட்டகை. இரண்டு பேர் வாகன பற்றரிகளை உடைத்து உள்ளே இருக்கும் ஈயத்தை உருக்கிக்கொண்டிருந்தார்கள். கறுப்புக் கோதுகள் குவியலாகக் கிடந்தன. கழுவிய தண்ணீர் நேராக ஓடைக்கு இறங்கியது. என்னைப் பார்த்து ஒருவர் கையசைத்தார். நானும் கையசைத்தேன். கீழே இறங்கி வந்தேன். மூக்காயி வழக்கம்போல பிளேன்டீ கொண்டுவந்து தந்தார். அவர் உள்ளே திரும்பியதும் அதை வேலியோரம் ஊற்றினேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் ஊற்றினேன். அவர் மனம் நோகக் கூடாது என்று வெறும் கோப்பையை வாயில் வைத்துக் கொஞ்ச நேரம் உறிஞ்சுவது போலச் செய்வேன். மரியாதை தெரியாதவன் என்று யாரும் என்னைச் சொன்னதில்லை.

நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். ஏன் சொல்லவில்லை. சொன்னால் கொட்டகையை மூடுவார்கள். மூடினால் ஓடை தெளியும். ஓடை தெளிந்தால் அடுத்த தலைமுறைப் புழுவுக்கு நடுப்பல் முளைக்கும். பேராசிரியர் மழைக்குப் பிறகு மாதிரி கேட்டிருந்தார். அதுவரை ஓடை இருந்தபடி இருக்க வேண்டும். ஆறே மாதம். கொட்டகை எப்படியும் ஒரு வருடத்துக்கு மேல் இயங்குகிறது, பிள்ளைகள் எப்படியும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்து வருகிறார்கள். ஈயத்தை நான் கலக்கவில்லை. நான் கேட்டது கொஞ்சம் அவகாசம். அதையும் யாரிடமும் வாய் திறந்து கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

லோஜினி ஜூலையில் ஒரு பரிசோதனை வைத்தாள். நல்ல பரிசோதனை, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஓடைக் கற்களில் ஒட்டியிருந்த முட்டைகளை எடுத்து வந்து ஆறு கண்ணாடிப் போத்தல்களில் பிரித்துப் போட்டாள். மூன்றில் ஓடைச் சேறு, மூன்றில் கழுவிய மணலும் சுத்தமான தண்ணீரும். புது இனமாக இருந்தால் ஆறிலும் நடுப்பல் இல்லாமல் வளரும். ஊனமாக இருந்தால் சுத்தமான மூன்றிலும் பல் வரும். மூன்று கிழமை, இருபத்தொரு நாள், போதும்.

நான் காலை ஏழு மணிக்கு வருகிறவன். அவள் எட்டரைக்கு வருவாள். குளிர்சாதனப் பெட்டியில் ஓடைச் சேறு இருந்தது. தினமும் ஒரு தேக்கரண்டி, சுத்தமான போத்தல்கள் மூன்றுக்கும், மணலுக்கு அடியில் படிய மெதுவாக. மீன்தொட்டிக்குத் தீனி போடுகிற மாதிரிதான். அவசரப்பட்டால் கலங்கிவிடும்.

மூன்று கிழமை கழித்து ஆறு போத்தலிலும் நடுப்பல் இல்லாத புழுக்கள் கிடந்தன. லோஜினி தகடுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

"அப்ப நான்தான் பிழை, சேர். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

இதிலெல்லாம் மன்னிப்பு எதுக்கு, விஞ்ஞானம் என்றால் இப்படித்தான் என்றேன். கன்டீனுக்குக் கூட்டிப்போய் ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தேன். அவள் பாதிதான் சாப்பிட்டாள். என்றாலும் விடவில்லை. "ஒருக்கா தண்ணிய மட்டும் ஈயத்துக்குச் சோதிப்பம் சேர், அந்தப் பிள்ளையளுக்காக" என்றாள். நான்தானே அந்தப் பக்கம் குடியிருக்கிறேன், நானே எடுத்து வருகிறேன் என்று போத்தலை வாங்கிக்கொண்டேன்.

அந்தப் போத்தலை எங்கள் வீட்டுக் குசினிக் குழாயில் நிரப்பினேன். ஓடையின் பெயரையும் திகதியையும் எழுதி ஒட்டினேன். ஈயம் இல்லை என்று அறிக்கை வந்தது. அதன் ஒரு பிரதி மருத்துவிச்சிக்குப் போனது. அவர் தண்ணீரை விட்டுவிட்டு வேறு காரணம் தேட ஆரம்பித்தார்.

செப்டெம்பரில் மூக்காயி என்னைக் கேட்டார். அவருடைய முகத்தில் எலும்பு தெரிந்தது.

"சேர், நீங்க தண்ணி பாக்குறவங்கதானே. புள்ளைக்கு வயித்துவலி விடவே மாட்டேங்குது. ராவெல்லாம் அழுவுது. தண்ணியில ஏதும் இருக்குமா?"

"ரிப்போர்ட் வந்திருச்சு மூக்காயி. தண்ணி நல்ல தண்ணிதான். எதுக்கும் கொதிக்க வச்சுக் குடுங்க."

கொதிக்க வைத்தால் ஈயம் போகாது. தண்ணீர் வற்ற வற்ற மீதியில் இன்னும் அடர்த்தியாகும். அது எனக்குத் தெரியும். ஆனால் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்வது பொதுவாக நல்ல ஆலோசனைதான் என்று அப்போது எனக்குள் சொல்லிக்கொண்டேன். மூக்காயி சொன்னதைச் செய்கிற மனுசி. விறகு செலவைப் பார்க்காமல் நன்றாகவே கொதிக்க வைத்தாராம்.

நவம்பர் பதினான்காம் திகதி காலையில் கஜனிக்கு வலிப்பு வந்தது. கறுப்பையா ஆட்டோ பிடித்து பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மூன்றாம் நாள் பிள்ளை இறந்தது. அங்கே இரத்தத்தைச் சோதித்திருக்கிறார்கள், முடிவு வருவதற்கு முன்பே போய்விட்டது.

மரண வீட்டுக்கு லோஜினியும் என்னோடு வந்தாள். நான் வலையையும் மாதிரிப் போத்தல்களையும் பையில் வைத்துக்கொண்டேன். மழை விட்டு இரண்டு கிழமை ஆகியிருந்தது, எப்படியும் அவ்வளவு தூரம் ஏறுகிறோம். சடங்கு தொடங்க நேரம் இருந்ததால் ஓடைக்கு இறங்கி முப்பது புழு எடுத்தேன். அதில் இருபத்திரண்டுக்கு நடுப்பல் இல்லை. திரும்பி வந்தபோது மூக்காயி என் கையைப் பிடித்து, "எம்புட்டு எண்ணிக்கிட்டு இருப்பா சேர், ஒங்களோட புழுவ" என்று அழுதார். நானும் அழுதேன். அது நடிப்பு என்று லோஜினி இப்போது சொல்கிறாள். அப்படியில்லை. பக்கத்து வீட்டுப் பெண் தந்த தேத்தண்ணியை அன்று ஆட்களுக்கு நடுவில் ஊற்ற முடியாமல் பாதி குடித்தேன். அதைத் தியாகம் என்று சொல்ல வரவில்லை.

திரும்பும் வழிக்கு என்று லோஜினி தன் போத்தலைப் பீலியில் நிரப்பியிருந்தாள். பஸ்ஸில் மூடியைத் திறந்தவள், பிள்ளைக்கு வலிப்பு வந்ததை நினைத்தாளோ என்னவோ, குடிக்காமல் மறுபடி மூடினாள். நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அந்தத் தண்ணீரை அவள் தன் பெயரில், வேறு கூடத்துக்கு அனுப்பினாள். பத்து நாள் கழித்து, ஈயம் இருக்கிறது என்று அங்கிருந்து வந்த கடதாசியோடு என் மேசைக்கு வந்து நின்றாள்.

"ஆகஸ்ட்டில நீங்கள் கொண்டு வந்த போத்தல் எங்க நிரப்பினது?"

"வீட்டுல."

"எந்த வீட்டில?"

"என்னோட வீட்டுல. குசினிக் குழாயில."

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் கேள்வியை ஒழுங்காகக் கேட்டாள். ஒழுங்கான கேள்விக்கு ஒழுங்கான பதில் கொடுக்க வேண்டும் என்று நான்தான் அவளுக்குப் பழக்கியிருந்தேன். அவள் கதிரையில் உட்கார்ந்தாள்.

"அப்ப என்ர ஆறு போத்தலும்?"

"தினம் ஒரு தேக்கரண்டி" என்றேன்.

அவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். முதலில் தன் பரிசோதனைக்காகத்தான் அழுதாள் என்று நினைக்கிறேன். அது இயல்பு, மூன்று கிழமை உழைப்பு. பிறகு எழுந்து, "உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அந்தப் பிள்ளையின்ர வாயப் பாத்த நாளில இருந்து தெரிஞ்சிருக்கு" என்றாள். கஜனி வாயைத் திறந்து காட்டிய கதையையும், வேறொரு நாள் ஈறில் விழும் ஈயக் கோட்டைப் பற்றியும் நானே அவளிடம் பொதுவாகப் பேசியிருக்கிறேன், பெருமைக்கு. அவள் நேராக உங்களிடம் வந்துவிட்டாள்.

ஆக, நேரடியாக எழுதுகிறேன். தண்ணீரில் விஷம் இருப்பது ஜூனிலிருந்து எனக்குத் தெரியும். தெரிந்தே மறைத்தேன். பரிசோதனையைக் கெடுத்தேன். பொய்யான தண்ணீரைக் கொடுத்து உண்மையான அறிக்கை வாங்கினேன். ஜூனில் நான் வாய் திறந்திருந்தால் கஜனி பிழைத்திருக்கும் என்று உங்கள் மருத்துவ அதிகாரி சொல்கிறார். நான் மறுக்கவில்லை. பதினொரு பிள்ளைகளுக்கு இப்போது வைத்தியம் நடக்கிறது, அதில் இரண்டு பேருக்குப் பேச்சு சரியாக வருவதில்லை. கொட்டகைக்கு சீல் வைத்தாயிற்று. லோஜினி இந்தப் பெப்ரவரியில் அதே ஓடையில் நாற்பது புழு எடுத்திருக்கிறாள். முப்பத்தேழுக்கு நடுப்பல் முழுதாக இருக்கிறது, மூன்று முனையோடு. அப்படி ஒரு புது இனம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. சான்றை ஏற்றுக்கொள்கிறவன் நான், ஏற்றுக்கொள்கிறேன். ஊரிலேயே பெரிய புழு நிபுணன், ஒரு பொக்கைவாய்ப் புழுவை நம்பிக் கெட்டான் என்று பரிசோதனைக் கூடத்தில் சிரிக்கிறார்களாம். சிரிக்கட்டும்.

ஒன்று மட்டும் பாக்கி. கட்டுரை என்னிடம் இல்லை, ஹங்கேரியில் இருக்கிறது. மரண வீட்டுக்குப் போய்வந்த மறுநாளே மாதிரிகளோடு அனுப்பிவிட்டேன். அதைத் திருப்பி வாங்கச் சொல்லி லோஜினி ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். நான் இன்னும் எழுதவில்லை. அனுப்புவதற்கு முன் அதில் ஒரு திருத்தம் செய்திருந்தேன். புழுவுக்கு முதலில் அந்தத் தோட்டத்தின் பெயரைத்தான் வைத்திருந்தேன். அதை வெட்டிவிட்டு, விதிமுறைப்படி இலத்தீன் விகுதி சேர்த்து, கஜனியின் பெயரை வைத்தேன். எங்கள் துறையில் ஒருவருக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய மரியாதை அதுதான். எனக்கே அது யாரும் செய்ததில்லை. மூக்காயிக்கு இன்னும் தெரியாது. யாராவது எடுத்துச் சொன்னால் சந்தோஷப்படுவார்.